மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில்: செப்டம்பரில் போக நினைப்பவர்களுக்கு

2022 செப்டம்பரில் நானும் நண்பரும் இமாச்சலத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லேவுக்கு சைக்கிளில் கிளம்பினோம். ஒன்பது நாளில் முடித்துவிடலாம் என்று கணக்கு. ஐந்தாம் நாள் இரவு, சுமார் 4,290 மீட்டர் உயரத்திலுள்ள சர்ச்சுவில், நண்பர் மூன்று முறை வாந்தி எடுத்தார். கூடாரத்திலிருந்து வெளியே வந்து நேராக நடக்கச் சொன்னேன். நாலடி வைப்பதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அந்த இருட்டிலேயே ஒரு சரக்கு லாரி ஓட்டுநரைக் கெஞ்சி, இரண்டு சைக்கிளையும் தார்ப்பாய்க்கு மேல் கட்டி, கேலாங்குக்கு இறங்கினோம். மெல்லிய காற்றுக்கு உடம்பு பழகாததால் வரும் உயர நோய் அது. கீழே வந்த பிறகு அவருக்குச் சரியாகிவிட்டது. பயணம் மட்டும் அங்கேயே முடிந்தது.

2024-ல் மறுபடி போனோம். அதே சாலை, அதே சைக்கிள்கள், உடம்பும் அதேதான். இந்த முறை மணாலியிலிருந்து லேவுக்குப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். சிரமம் இருந்தது, ஆபத்து இல்லை. இரண்டு பயணத்துக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டதை, முதல் முறை போகிறவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இங்கே சொல்லும் செலவெல்லாம் 2024-ல் நாங்கள் கொடுத்தது.

1. முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

மணாலியிலிருந்து புறப்பட நல்ல நாட்கள் செப்டம்பர் 3 முதல் 8 வரை. அப்படிப் புறப்பட்டால் செப்டம்பர் 20-க்குள் லே சேர்ந்துவிடலாம்.

அதற்கு முன்னால் போனால் மணாலிப் பக்கம் மழை. இமாச்சலத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை விலகுவது வழக்கமாக செப்டம்பர் கடைசி வாரத்தில்தான். அதனால் முதல் இரண்டு நாள் நனைவதற்குத் தயாராகவே இருங்கள். ரோதங் கணவாயைத் தாண்டிவிட்டால் மழை குறைந்துவிடும். அதற்கடுத்த பாராலாச்சா லா என்ற கணவாய்க்கு அப்பால் வறண்ட பூமி. நிலச்சரிவுதான் பெரிய கவலை. 2023 ஜூலை வெள்ளத்தில் பியாஸ் ஆறு குல்லு–மணாலி சாலையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. மணாலிக்குப் போய்ச் சேருவதற்கே ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

தள்ளிப் போட்டால் பனி. 2018 செப்டம்பர் 22-ஐ ஒட்டி, ரோதங்குக்கு அப்பாலுள்ள லாஹௌல் பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் கொட்டிய பனியில் நூற்றுக்கணக்கானோர் சிக்கி, விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மீட்க வேண்டியிருந்தது. பனி பெய்யாவிட்டாலும், செப்டம்பர் முடிய முடிய வழியிலுள்ள கூடாரத் தாபாக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டத் தொடங்குவார்கள். சாப்பாடும் படுக்கையும் அவர்களை நம்பித்தான் இருக்கிறது.

செப்டம்பரின் நல்ல குணம் ஒன்று உண்டு. சாலையைக் குறுக்கே வெட்டி ஓடும் நாலாக்களில் (மலையோடைகளில்) ஜூலையில் இடுப்பளவு தண்ணீர் வரும். செப்டம்பரில் பனி உருகுவது குறைந்து, காலை வேளையில் கணுக்காலளவுதான் இருக்கும். இரவுக் குளிர் அதற்குப் பதிலாக வரும்: வழியில் தங்கும் சர்ச்சுவிலும் பாங்கிலும் பூஜ்யத்துக்குக் கீழே போகும். விடிகாலையில் சைக்கிளில் மாட்டியிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குலுக்கினேன், சத்தமே வரவில்லை. உள்ளே முழுக்கப் பனிக்கட்டி. அன்றிலிருந்து போத்தல் தூக்கப்பைக்குள் என்னோடுதான் தூங்கியது.

2. உயரத்துக்கு நாள் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். இந்தப் பாதையில் நான்காவது இரவிலிருந்தே நீங்கள் அதைவிட உயரத்தில் தூங்குவீர்கள். ரோதங் 3,978 மீட்டர், பாராலாச்சா லா சுமார் 4,890, லாச்சுலுங் லா சுமார் 5,060, தாங்லாங் லா சுமார் 5,328. ‘லா’ என்றால் கணவாய். ஐயாயிரத்துக்கு மேல் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். காலில் பலம் இருந்தாலும், ஐம்பது மிதி மிதித்துவிட்டு நின்று மூச்சு வாங்குவீர்கள்.

பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட, இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும். மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் விதி இது. 2022-ல் நாங்கள் ஜிஸ்பாவில் (சுமார் 3,200) தூங்கிவிட்டு மறுநாள் சர்ச்சுவில் (சுமார் 4,290) தூங்கப் பார்த்தோம். ஒரே தாவலில் ஆயிரம் மீட்டர். தனியாக வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தப் பாதையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் உடனே தெரியாது. உயர நோய்க்கு மருந்து கீழே இறங்குவது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சர்ச்சுவில் மாட்டிக்கொண்டால் பின்னால் பாராலாச்சா, முன்னால் லாச்சுலுங். பாங்கில் மாட்டிக்கொண்டால் பின்னால் லாச்சுலுங், முன்னால் தாங்லாங். எந்தப் பக்கம் திரும்பினாலும், இறங்குவதற்கு முன் ஏறித்தான் ஆக வேண்டும். ஆகவே ‘போகலாமா, வேண்டாமா’ என்ற முடிவை பாராலாச்சாவுக்கு இந்தப் பக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். பாராலாச்சாவுக்கு முந்தைய தங்குமிடமான பட்சியோவில் காலையில் தலைவலி விடவில்லையென்றால் அன்று கிளம்பாதீர்கள்.

2024-ல் நாங்கள் தூங்கிய இடங்கள் இவை:

மணாலி இரண்டு இரவு (2,050 மீட்டர்). கோட்டி (சுமார் 2,500). ரோதங் ஏறி இறங்கி கோக்சர் (சுமார் 3,140). கேலாங் இரண்டு இரவு (சுமார் 3,080, நடுவில் முழு ஓய்வு). தார்ச்சா (சுமார் 3,360). பட்சியோ (சுமார் 3,800). பாராலாச்சா தாண்டி சர்ச்சு. காட்டா கொண்டை ஊசி வளைவுகள் ஏறி விஸ்கி நாலா (சுமார் 4,700). லாச்சுலுங் தாண்டி பாங் (சுமார் 4,600). மோரே சமவெளியைக் கடந்து டெப்ரிங். தாங்லாங் தாண்டி ரும்ட்சே (சுமார் 4,100). அப்புறம் லே (3,500).

தார்ச்சாவிலிருந்து பட்சியோ வெறும் 15 கி.மீ. போலத்தான். காலை பத்தரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டு, மீதி நாளைச் சும்மா உட்கார்ந்து கழிக்க மனம் ஒப்பாது. ‘இன்னும் வெளிச்சம் இருக்கிறதே, ஜிங்ஜிங்பார் வரை போய்விடலாமே’ என்று தோன்றும். போகாதீர்கள். அந்த அரை நாள்தான் சர்ச்சு இரவைக் காப்பாற்றும்.

இதற்கு மேல் இரண்டு வெற்று நாட்களைக் கையிருப்பாக வைத்திருங்கள். சாலை அடைபட்டாலும், காய்ச்சல் வந்தாலும், சைக்கிள் உடைந்தாலும் அவை உதவும். மொத்தத்தில், ஊரிலிருந்து ஊருக்கு 22 நாள் விடுப்பு. அவ்வளவு கிடைக்காதென்றால் இந்தப் பாதையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். பத்து நாளுக்குள் சுருக்கப் பார்க்க வேண்டாம்.

3. மருத்துவரைப் பார்ப்பது கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே

இதயம், ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அசெட்டசோலமைடு, அதாவது டயமாக்ஸ் என்று கடையில் கேட்கும் மாத்திரை, உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தடுப்புக்கு 125 மி.கி. காலை, இரவு என்று எழுதித் தருவது வழக்கம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும். விரல் நுனி மரத்தாற்போல் குறுகுறுக்கும். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டால் அங்கே பயப்பட மாட்டீர்கள்.

மாத்திரை போட்டால் வேகமாக ஏறலாம் என்று நினைப்பது தவறு. தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், இவற்றில் எது வந்தாலும் அன்றைய திட்டத்தைக் கைவிட்டு, கிடைக்கும் வண்டியில் இறங்க வேண்டும். தள்ளாட்டத்தைப் பார்க்க எளிய வழி, ஒரு காலின் குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்வது. பாங்கில் ராணுவ முகாம் இருக்கிறது, அவசரத்தில் அங்கே உதவி கேட்கலாம். லேவில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை இருக்கிறது.

நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் காட்டும் சின்ன விரல் கருவி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணைவிட ஆளைப் பாருங்கள். உயரத்தில் 85 காட்டும்போது நன்றாக இருப்பவர்களும் உண்டு, 90 காட்டும்போது படுத்துக் கிடப்பவர்களும் உண்டு.

4. பயிற்சி: உயரம் கிடைக்காது, ஏற்றம் கிடைக்கும்

தமிழ்நாட்டில் எந்த மலையும் உங்களை மெல்லிய காற்றுக்குப் பழக்காது. ஆனால் மூன்று நான்கு மணி நேரம் இறங்காமல் மிதிக்கப் பழக்கும். எனக்கு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள். சேலம், நாமக்கல் பக்கத்தவர்களுக்குக் கொல்லிமலையின் 70. பன்னிரண்டு வாரம், வாரத்தில் மூன்று நாள் போதும். கடைசி நான்கு வாரம், போகும்போது என்ன சுமை இருக்குமோ அதே சுமையோடு ஏறுங்கள். சுமையில்லாமல் பழகிவிட்டு அங்கே பன்னிரண்டு கிலோவை மாட்டினால், கியர் போதவில்லை என்பதே ரோதங் ஏறும்போதுதான் தெரியவரும்.

5. சைக்கிளைத் தயார் செய்வது

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. முன்பக்க சஸ்பென்ஷன் உள்ள சாதாரண எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) போதும். சாலையில் பெரும்பகுதி இப்போது தார். நடுநடுவே உடைந்த கல்லும் சேறும் புழுதியும். டயர் 2 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியது கியர். பெடலோடு சுற்றும் முன்பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைவிட, பின்னால் உள்ள பல்சக்கரங்களில் பெரியதன் பல் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும். முன்னால் 32, பின்னால் 46 என்றால் நிம்மதி. முன்னால் மூன்று தட்டு உள்ள பழைய வகையும் நன்றாகவே ஏறும்.

பிரேக் பேட் இரண்டு ஜோடி கூடுதலாக எடுங்கள், உலோகக் கலவை வகையாக. தாங்லாங் லாவிலிருந்து ரும்ட்சேக்கு இறங்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் பிரேக்கில்தான் இருக்கும். சேறும் சேர்ந்தால் சாதாரண பேட் வெண்ணெய்போல் கரையும்.

இப்போது நாங்கள் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். பின் கியரைத் தாங்கிப் பிடிக்கும் சின்ன அலுமினியத் துண்டு ஒன்று உண்டு. கடையில் ஹேங்கர் என்பார்கள். கட்டைவிரல் நீளம்தான். மணாலி பேருந்தின் அடிப்பெட்டியில் யாரோ என் சைக்கிள்மேல் ஒரு சூட்கேஸைத் தூக்கிப் போட, அது உள்பக்கமாக வளைந்துவிட்டது. சக்கரத்தை மாட்டிச் சுற்றினேன். கடைசி கியருக்குப் போனதும், செயினைக் கியர் விட்டுக் கியர் மாற்றும் டீரெய்லர் ஸ்போக்கில் டிக் டிக் என்று உரசியது. ஏற்றத்துக்கு எனக்குத் தேவைப்பட்டதே அந்த ஒரு கியர்தான். ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வடிவம். மணாலியில் நான்கு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. ஒரு மெக்கானிக் பழைய சக்கர அச்சை அதன் ஓட்டையில் முறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வளைத்து நேராக்கித் தந்தார். முறிந்திருந்தால் கதை மணாலியிலேயே முடிந்திருக்கும். ஊரில் வாங்கினால் சில நூறு ரூபாய். உங்கள் மாடலுக்கான ஹேங்கர் இரண்டை இன்றே வாங்கிப் பையில் போடுங்கள்.

மற்ற உதிரிகள்: டியூப் நான்கு, பேட்ச் பெட்டி, செயின் அறுத்து மாட்டும் கருவி, உங்கள் செயினுக்கேற்ற இணைப்புக் கண்ணி இரண்டு, ஸ்போக் நான்கு, கியர் கேபிள் ஒன்று, ஆலன் சாவிக் கொத்து, டயருக்குள் வைக்கத் தடித்த ரப்பர் துண்டு. கைப்பம்பு நல்லதாக இருக்கட்டும். அங்கே காற்று மெல்லியது, அதே டயரை நிரப்ப ஊரில் அடிப்பதைவிட நிறைய அடிக்க வேண்டும், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டே. வெடித்து நிரப்பும் வாயுக் குப்பியை நம்பாதீர்கள். திரும்பும்போது விமானத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

6. சைக்கிளை அனுப்புவது

கோவையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் இரண்டு இரவு. சைக்கிளை ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் கொடுக்கும்போது, உங்கள் டிக்கெட்டைக் காட்டி ‘லக்கேஜ்’ என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். ‘பார்சல்’ என்று பதிவானால் நீங்கள் போகும் ரயிலில்தான் வரும் என்ற உறுதி இல்லை. முதல் முறை எங்களுக்கு அப்படித்தான் ஆனது. டெல்லியில் ஒன்றரை நாள் காத்திருந்தோம். வண்டி கிளம்ப மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பெயர், தொலைபேசி எண், டிக்கெட் எண், சேருமிடம் நான்கையும் அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள். ரசீது தொலைந்தால் சைக்கிள் கைக்கு வர அரை நாள் ஆகும்.

கழற்றும்போது: பெடல், ஹேண்டில், முன்சக்கரம் மூன்றையும் கழற்றுங்கள். பின் டீரெய்லரையும் ஹேங்கரிலிருந்து கழற்றி, பழைய துணியில் சுற்றி ஃபிரேமின் உள்பக்கம் கட்டிவிடுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் பேட்களின் நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். செருகாமல் யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் பேட்கள் ஒட்டிக்கொண்டு, மறுபடி டிஸ்க் உள்ளே போகாது.

டெல்லியிலிருந்து மணாலிக்கு இரவுப் பேருந்து, 12 முதல் 15 மணி நேரம். சைக்கிளுக்கு எவ்வளவு என்று டிக்கெட் எடுக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் ஒன்றுக்கு 500 கொடுத்தோம். அடிப்பெட்டியில் வைக்கும்போது நீங்களே நின்று, மற்ற பெட்டிகளுக்கு மேலே, கியர் பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள்.

சரி, வாடகைக்கு எடுக்கலாமே என்றால், மணாலியிலும் லேவிலும் கிடைக்கிறது. மணாலியில் எடுத்து லேவில் விடுவதென்றால், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கும் முன் அரை நாள் சோலாங் பக்கம் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்.

7. ஆவணங்கள்

மணாலி–லே நெடுஞ்சாலையில் சைக்கிளில் போக இந்தியர்களுக்கு உள்நுழைவு அனுமதி எதுவும் வேண்டாம். வழியில் காவல் சோதனைச் சாவடிகளில் பெயர் எழுதிக்கொள்வார்கள். ஆதார் அசல் ஒன்று, நகல் ஐந்தாறு வைத்திருங்கள். நகல் எடுக்கும் கடை கேலாங்கை விட்டால் லேவில்தான்.

லே சேர்ந்தபின் அதற்கு வடக்கே உள்ள கர்துங் லா கணவாய், நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி என்று போவதாக இருந்தால், 2021-லிருந்து இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் சுற்றுச்சூழல் கட்டணமும் சில சிறு கட்டணங்களும் லே நிர்வாகத்தின் இணையதளத்தில் கட்ட வேண்டும். அந்த ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சாவடியில் சிக்னல் இருக்காது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: நுப்ரா, பாங்காங் போன்ற எல்லைப் பகுதிகளுக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி தேவை. லேவில் பதிவு பெற்ற பயண முகவர் மூலம்தான் எடுக்க முடியும். இன்னொன்று, சாட்டிலைட் ஃபோன், சாட்டிலைட் வழி செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி எதையும் கொண்டுவராதீர்கள். அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள்.

காப்பீடு எடுக்கும்போது ‘சாகச விளையாட்டு’ விலக்கும் உயர வரம்பும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். பல பாலிசிகளில் இவை சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். 5,400 மீட்டர் வரை, சைக்கிள் ஓட்டுவதற்கு, மீட்புச் செலவு உட்படச் செல்லுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

8. சிம் கார்டும் பணமும்

நம்மூர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் மட்டும்தான். ஒரு மாதம் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியும் தார்ச்சாவைத் தாண்டினால் பெரும்பாலும் சிக்னல் இல்லை. ‘ஐந்தாறு நாள் பேச மாட்டேன், இந்தத் தேதிக்குள் லேவிலிருந்து அழைப்பேன்’ என்று வீட்டில் தேதியோடு சொல்லிவிட்டுப் போங்கள். முதல் முறை நான் சொல்லாமல் போய், அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை.

சிக்னல் இல்லையென்றால் ஜிபேயும் இல்லை. மணாலி, கேலாங், அதை விட்டால் லே: இங்கேதான் ஏ.டி.எம். கேலாங்கிலிருந்து கிளம்பும்போது ஒருவருக்கு 10,000 ரூபாயாவது ரொக்கமாக இருக்கட்டும், பாதிக்கு மேல் நூறு, இருநூறு நோட்டாக. தாபாவில் ஐந்நூறுக்குச் சில்லறை கேட்டால் பாவம், அவர்களிடமே இருக்காது.

9. வழியில்

ரோதங்கா, அடல் சுரங்கமா என்று கேட்பார்கள். 9.02 கி.மீ. நீளமுள்ள அந்தச் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்ததிலிருந்து லாரிகளும் பேருந்துகளும் அதில்தான் போகின்றன. அதனால் ரோதங் சாலை சைக்கிளுக்கு முன்பைவிட அமைதியாகிவிட்டது. மழையில்லாத நாளாக இருந்தால் ரோதங் வழியே ஏறுங்கள். உடம்பு உயரத்துக்குப் பழகவும் அது நல்லது. மழை வலுத்தால் சைக்கிளை ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிச் சுரங்கத்தைக் கடந்து, சிஸ்ஸுவில் இறங்கி ஓட்டுங்கள்.

காலை ஆறரைக்குக் கிளம்பி மதியம் இரண்டுக்குள் நிறுத்திவிடுங்கள். மதியத்துக்கு மேல் காற்று எழும்பும், நாலாவில் தண்ணீர் ஏறும். மோரே சமவெளி சுமார் 40 கி.மீ. ஏறக்குறைய சமதளம், பார்த்தால் பறந்துவிடலாம் போலிருக்கும். எதிர்காற்றில் அங்கே மணிக்கு 7 கி.மீ.தான் போக முடிந்தது எங்களால்.

ராணுவ வாகன வரிசை வந்தால் மலையை ஒட்டிய உள்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். கடைசி வண்டி போகும்வரை ஏறாதீர்கள்.

காட்டா வளைவுகள் 21. கொல்லிமலையைப் பார்த்தவர்களுக்கு இது என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் தொடங்கும் இடமே நாலாயிரத்துக்கு மேல். வளைவுக்கு வளைவு குறுக்காகத் தள்ளிக்கொண்டு ஏறும் ஒற்றையடித் தடங்கள் தெரியும், ஆசைப்படாதீர்கள். அரை லிட்டர் தண்ணீர் ஒவ்வொரு ஐந்து வளைவுக்கும் என்று கணக்கு வைத்துக் குடியுங்கள். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குறைந்தபட்சம். ஓடைத் தண்ணீரை வடிகட்டியோ குளோரின் மாத்திரை போட்டோ குடியுங்கள். உப்புச் சர்க்கரைப் பொடி இருபது பொட்டலம் வேண்டும்.

சாப்பாடு: பருப்பும் சோறும், ராஜ்மா, மேகி, முட்டை. அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், சாதாரணப் பாத்திரத்தில் அரிசி வேகாது. பிரஷர் குக்கர் விசில் சத்தம் கேட்கும் தாபாவாகப் பார்த்து உட்காருங்கள். பசி செத்துப்போகும், வற்புறுத்திச் சாப்பிட வேண்டும். நான் கொண்டுபோன பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான் பாங்கில் சோற்றை உள்ளே தள்ளின.

தாபாக் கூடாரத்தில் படுக்கைக்கு 300 முதல் 400 கொடுத்தோம். கம்பளி தருவார்கள். இருந்தாலும் பூஜ்யத்துக்குக் கீழ் ஐந்து டிகிரி தாங்கும் தூக்கப்பை உங்களுடையதாக இருக்கட்டும். இறக்கத்துக்குக் காற்றுப் புகாத கையுறை கட்டாயம். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க வராது.

10. கர்துங் லா

லேவில் ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டு ஏறுங்கள். சுமார் 39 கி.மீ., 3,500-லிருந்து 5,359 மீட்டர். அங்கிருக்கும் பலகைகளில் இதைவிடப் பெரிய எண்ணைப் பார்த்திருப்பீர்கள். உண்மை உயரம் 5,359-தான். 24-வது கி.மீ.யில் தெற்குப் புல்லு சாவடி. பகல் பன்னிரண்டுக்குள் அதைத் தாண்டவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். மேலே அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

11. திரும்பி வருவது

லேவிலிருந்து டெல்லிக்கு விமானம் காலை நேரத்தில்தான் அதிகம். உயரத்திலிருந்து மேலெழுவதால் எடைக் கட்டுப்பாடு கடுமை. சைக்கிள் கொண்டுவருவதை டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிப் பதிவு செய்து, கூடுதல் எடைக்கும் இணையத்திலேயே முன்பணம் கட்டிவிடுங்கள். கவுண்டரில் கட்டினால் அதிகம். லே பஜாரில் சைக்கிள் கடைகளில் காலி அட்டைப்பெட்டி கேட்டு, முதல் நாளே வாங்கி வையுங்கள். டயர் காற்றைக் குறையுங்கள். பவர் பேங்க் கைப்பையில், 100 வாட்-மணிக்கு உட்பட்டதாக. கேஸ் குப்பி, ஆக்சிஜன் குப்பி எதுவும் ஏறாது.

புறப்படும் டிக்கெட்டை லே சேரும் தேதிக்கு மூன்று நாள் கழித்து எடுங்கள். 2022-ல் அடுத்த நாளுக்கே எடுத்திருந்தோம். அந்த டிக்கெட்டுக்காகத்தான் ஜிஸ்பாவிலிருந்து ஒரே நாளில் சர்ச்சுவுக்கு ஓடினோம்.

12. மொத்தச் செலவு, ஒருவருக்கு

கோவை–டெல்லி ரயில், டெல்லி–மணாலி பேருந்து, சைக்கிள் லக்கேஜ்: 5,000. தங்குமிடம்: 11,000. சாப்பாடு: 10,000. லே–டெல்லி விமானம் சைக்கிளோடு: 9,000. டெல்லி–கோவை ரயில்: 3,000. சர்வீஸும் உதிரிகளும்: 6,500. மருத்துவர், மருந்து: 1,500. லேவில் கட்டணங்கள், சில்லறை: 1,000. ஆக 47,000.

இதற்கு மேல் தொடாத பணமாக 10,000 ரூபாயைத் தனி உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். அவசரத்துக்கு ஒரு வண்டி பிடித்து இறங்குவதற்கான பணம் அது. 2024-ல் அந்த உறையைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நண்பர் அதன்மேல் தேதி எழுதித் தந்தார்.